உள்ளே அலுமினியம், வெளியே எவர்சில்வர்: சிக்கிய பாத்திரத்தோடு நான் பட்ட பாடு

தில்லி மயூர் விஹாரில் ஆறு வருஷமாக வீட்டிலிருந்தே சமைத்துக் கொடுக்கிறேன். பெரிய அளவில் எல்லாம் இல்லை, சனி ஞாயிறுகளில் நம்மூர்க்காரர்கள் வீட்டு விசேஷங்களுக்கு இருபது பேர், முப்பது பேர் டிபன், அவ்வளவுதான். உதவிக்கு ஆள் கிடையாது, அரைப்பது முதல் கழுவுவது வரை நானேதான். போன ஜனவரியில் ஒரு ஆர்டருக்கு நடுவே இரண்டு பாத்திரங்கள் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொண்டு என்னை அழ வைத்துவிட்டன. நிஜமாகவே அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அதன் பிறகு தெரிந்துகொண்ட விஷயங்களை யாராவது எனக்கு முன்னாடியே சொல்லியிருந்தால் கையில் தையலும் விழுந்திருக்காது, மூவாயிரத்துச் சொச்சம் ரூபாயும் போயிருக்காது. அதனால்தான் எதையும் விடாமல் எழுதுகிறேன்.

அன்றைக்கு வளைகாப்பு ஆர்டர். 30 பேர், இட்லி, பொங்கல், சாம்பார், இரண்டு சட்னி, தட்டுக்கு 110 ரூபாய் வீதம் 3,300. காலை எட்டரைக்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ராத்திரியே பெரிய பாத்திரங்களைக் கழுவி வைத்தேன். தில்லி ஜனவரி எப்படி என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், குழாய்த் தண்ணீரில் கை வைத்தால் எலும்பு வரை குத்தும். அலுமினியக் குண்டானை முதலில் குழாயில் அலசினேன், விரல் மரத்துப்போனதால் அடுத்து எவர்சில்வர் அடுக்கை கீசர் தண்ணீரில் கழுவினேன். மேடையில் இடம் இல்லை. அடுக்கு இன்னும் ஆவி பறக்கச் சூடாக இருக்கும்போதே, ஈரத்தோடு, ஜில்லென்று இருந்த குண்டானை அதற்குள் இறக்கி வைத்துவிட்டுப் படுத்தேன். இறக்கும்போது கொஞ்சம் இறுக்கமாகத்தான் போனது, லேசாக ஒரு அழுத்து அழுத்தினேன். அந்த அழுத்தம் இப்போதும் உள்ளங்கையில் நினைவிருக்கிறது.

காலை நாலரைக்கு எழுந்து பருப்புக்குத் தண்ணீர் வைக்கப் போனால் குண்டான் வரவில்லை. அடுக்கு 12 லிட்டர் பிடிக்கும், வாய் அகலம் 28 சென்டிமீட்டர் இருக்கும். குண்டான் அதற்குள் அரை விரல் ஆழம் இறங்கி உட்கார்ந்திருந்தது. பிடித்து இழுக்க விளிம்பே வெளியே இல்லை. விரல் நுனியை உள்பக்கமாக வைத்து நெம்பினால் வழுக்கிக்கொண்டு போகிறது. கவிழ்த்துப் போட்டுத் துணி மேல் தட்டினேன், சப்பாத்திக் கட்டையால் அடியில் அடித்தேன், இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு திருகிப் பார்த்தேன். ஒரு நூல் அசையவில்லை. பருப்பு வேகவைக்கும் பாத்திரமும் இதுதான், சாம்பார் வைக்கும் பாத்திரமும் இதுதான். இரண்டும் ஒரே நேரத்தில் இல்லாமல் போனால் முப்பது பேருக்கு எதில் வைப்பது?

கணவர் அந்த வாரம் வேலையாக சண்டிகரில் இருந்தார். அந்த நேரத்தில் வேறு யாரை எழுப்புவது, கும்பகோணத்தில் அம்மாவைக் கூப்பிட்டேன், அவர் எப்படியும் கோலம் போட எழுந்திருப்பார். "இதுக்கு எதுக்குடி பதறுற, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வச்சு அதுல இறக்கு, தானா விட்டுரும்" என்றார். அவர் சொன்னதில் பாதி சரி, அந்த மீதிப் பாதி அப்போது இரண்டு பேருக்குமே தெரியவில்லை. வாளியில் வெந்நீர் பிடித்து அடுக்கை இறக்கி வைத்தேன். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், இருபது நிமிஷம். எடுத்து இழுத்தால் முன்பைவிடக் கெட்டியாக இருந்தது. சரி, சூடு போதவில்லை என்று நினைத்து அப்படியே தூக்கி அடுப்பில் வைத்துச் சிம்மில் எரியவிட்டேன்.

அதுதான் அன்றைக்கு நான் செய்ததிலேயே ஆபத்தான காரியம். இரண்டு அடிப்பாகத்துக்கும் நடுவே முந்தின நாள் ஈரம் தேங்கியிருந்தது. தண்ணீர் ஆவியானால் 1600 மடங்குக்கு மேல் இடம் கேட்கும், வெளியே போக வழி இல்லை. முதலில் உள்ளே 'கிண் கிண்' என்று ஒரு சத்தம், அப்புறம் விளிம்பில் ஒரு இடத்தில் சின்னச் சின்ன குமிழி, திடீரென்று 'புஸ்' என்று ஒரு பீச்சல். மணிக்கட்டில் பட்டது. கையை உதறிக்கொண்டு அடுப்பை அணைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்றேன், நெஞ்சு அடித்துக்கொண்டது. நல்லவேளையாக அந்த ஒரு ஓட்டை வழியாக ஆவி போனது. விளிம்பு முழுக்க அடைத்துக்கொண்டிருந்தால் உள்பாத்திரம் மேலே தெறித்து முகத்தில் அடித்திருக்கும். சிக்கிய பாத்திரத்தை எந்தக் காரணத்துக்காகவும் நேராக அடுப்பில் வைக்காதீர்கள். வெளியே காய்ந்திருக்கிற மாதிரி தெரிந்தாலும் நடுவில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க வழியே கிடையாது.

அதோடு விட்டிருக்கலாம். மணி ஐந்தேமுக்கால், பதற்றம், மணிக்கட்டு எரிச்சல் வேறு. காய் நறுக்கும் கத்தியை இரண்டு விளிம்புக்கும் நடுவில் செருகி நெம்பினேன். கத்தி வழுக்கி இடது கை கட்டைவிரலுக்குக் கீழே சதையில் இறங்கியது. ரத்தத்தைப் பார்த்ததும்தான் உட்கார்ந்தேன். வலியைவிட, இனி இந்தக் கையோடு எப்படி அரைத்து, எப்படி ஊற்றி, எப்படித் தூக்கிக்கொண்டு போவது என்ற நினைப்புதான் அழ வைத்தது. ஐந்து நிமிஷம் அழுதிருப்பேன். அப்புறம் மஞ்சள் துணியை இறுகக் கட்டிக்கொண்டு எதிர்வீட்டு பஞ்சாபி ஆன்ட்டி கதவைத் தட்டினேன். அவர் ஒரு வார்த்தை கேட்காமல் அவர் வீட்டுப் பெரிய பத்தீலாவை, நம் குண்டான் மாதிரிப் பாத்திரத்தை, கொடுத்தார், தேங்காய் கூடத் துருவிக் கொடுத்தார். இருந்தாலும் அது ஆறு லிட்டர்தான். சாம்பாரை இரண்டு தடவையாக வைத்து முடித்துக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒன்பதேமுக்கால் ஆகிவிட்டது. அதற்குள் அவர்கள் சாம்பாரும் சட்னியும் வெளியே வாங்கிவிட்டார்கள். அந்த வீட்டு மாமி கோபப்படவில்லை, "பரவாயில்லம்மா, கையை முதல்ல டாக்டர்கிட்ட காட்டு" என்றார். ஆயிரம் ரூபாய் குறைத்துக்கொண்டு 2,300 வாங்கினேன், அதை வாங்கவே கூச்சமாக இருந்தது. கையில் மூன்று தையல், டெட்டனஸ் ஊசி, மருந்து எல்லாம் சேர்த்து 800. அடுத்த நாள் வேறொரு ஆர்டர் இருந்ததால் பக்கத்துக் கடையில் கேட்ட விலைக்கே ஒரு புதுப் பாத்திரம், 1,450. ஆக 3,250. ஆர்டர் முழுசாகக் கொடுத்திருந்தால் கைக்கு வந்திருக்கும் தொகையே 3,300 தான்.

இதில் எனக்கு ஆறவே ஆறாத ஒரு விஷயம், நான் படித்தது பி.எஸ்சி. இயற்பியல். வெப்பத்தால் உலோகம் விரிவதைப் பற்றிப் பரீட்சை எழுதித் தேறியவள். அந்த விடியற்காலையில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. பதற்றம் என்றால் அப்படித்தான் போலிருக்கிறது. சிக்கிய ஜோடி நாலு நாள் பால்கனியில் கிடந்தது, பார்க்கவே பிடிக்கவில்லை. புதன்கிழமை அதைப் பையில் போட்டுக்கொண்டு சதர் பஜார் பக்கம் டெப்டி கஞ்சுக்குப் போனேன், அங்கே தெரு முழுக்கப் பாத்திரக் கடைகள். போக வர 120 ரூபாய். ஒரு கடையில் வயதான ஒருவர் பாத்திரத்தைக் கையில்கூட வாங்கவில்லை, முதல் கேள்வியே, "அந்தர் கோன்சா ஹை, பாஹர் கோன்சா?" உள்ளே என்ன உலோகம், வெளியே என்ன உலோகம்? அலுமினியம் உள்ளே, ஸ்டீல் வெளியே என்றேன். "அப்படியானால் சூடு பண்ணியிருப்பாய், இன்னும் இறுகியிருக்கும்" என்று இந்தியில் சொன்னார். கடை நடுவில் நின்றுகொண்டு எனக்கு எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்தது.

ஒரு மீட்டர் நீள அலுமினியம் 100 டிகிரி சூடேறினால் சுமார் 2.3 மில்லிமீட்டர் நீளும். பித்தளை 1.9, நாம் சமையலுக்கு வைத்திருக்கும் வழக்கமான எவர்சில்வர் 1.7, செம்பும் கிட்டத்தட்ட அதே அளவு, இரும்பு 1.2. வெந்நீரில் இருபது நிமிஷம் வைத்தால் இரண்டு பாத்திரமும் ஒரே சூட்டுக்கு வந்துவிடும். அப்போது வெளியே இருக்கும் எவர்சில்வரைவிட உள்ளே இருக்கும் அலுமினியம் அதிகமாக விரியும். என் பாத்திர அளவுக்கு, 60 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட 0.1 மில்லிமீட்டர் வித்தியாசம் வருகிறது. ஒரு தாளின் கனம்தான், ஆனால் ஏற்கெனவே நெருக்கிக்கொண்டு நிற்கிற இடத்தில் ஒரு தாள் என்பது பெரிய விஷயம். அம்மா சொன்னது தவறில்லை, அவர் பழகியது எல்லாம் எவர்சில்வருக்குள் எவர்சில்வர். ஒரே உலோகமாக இருந்தால் வெளியே வெந்நீர், உள்ளே ஐஸ் தண்ணீர், ஒரு நிமிஷத்துக்குள் இழுத்துவிட வேண்டும், நேரம் போனால் சூடு உள்ளேயும் பரவிவிடும். வெளியே அலுமினியம், உள்ளே எவர்சில்வர் என்றால் யோசிக்கவே வேண்டாம், இரண்டையும் சேர்த்து வெந்நீரில் போட்டாலே விடும். என்னுடையது போல உள்ளே அலுமினியம் என்றால் சூட்டை நம்பி மட்டும் இறங்கக் கூடாது, குளிர்ச்சிதான் முதல். எதையும் தொடுவதற்கு முன்னால் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு கைவிரலால் தட்டிப் பார்த்தாலே சத்தத்தில் எது அலுமினியம் என்று தெரிந்துவிடும்.

ஏன் சிக்கியது என்பதும் வீட்டுக்குத் திரும்பும் வழியில் புரிந்தது. சின்ன வயதில் எங்கள் ஊர்க் கொல்லன் பட்டறையில் மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடுவதைப் பார்த்திருக்கிறேன். சக்கரத்தைவிடக் கொஞ்சம் சின்னதாக இரும்பு வளையம் அடித்து, வரட்டி நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, இடுக்கியால் தூக்கி மரச் சக்கரத்தின் மேல் இறக்கி, உடனே தண்ணீர் ஊற்றுவார்கள். புகை கிளம்பும், மரம் முனகும், பட்டா சுருங்கிக் கவ்விக்கொள்ளும், அதன் பிறகு பல வருஷத்துக்குக் கழலாது. சூடான அடுக்குக்குள் ஜில்லென்ற குண்டானை இறக்கி நான் செய்ததும் அதேதான். கூடவே இன்னொன்று: விளிம்பில் இருந்த ஈரம் காற்றுப் போகாமல் அடைத்துவிட்டது. அடியில் மாட்டிக்கொண்ட காற்று 40 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்கு ஆறினால் அதன் அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறையும். பத்தில் ஒரு பங்குதானே என்று தோன்றும். 28 சென்டிமீட்டர் வட்டத்தின் மேல் அது சுமார் 60 கிலோ எடை. அறுபது கிலோ ஆள் ஒருவர் குண்டானுக்குள் நின்றுகொண்டிருக்கும்போது விரல் நுனியால் அதைத் தூக்கப் பார்த்திருக்கிறேன். குக்கர் ஆறிப்போனபின் மூடி திறக்காமல் அடம் பிடிப்பதும் இதே சங்கதிதான். அதற்கு வெயிட்டை எடுத்துவிட்டுக் காற்று போகவிட்டால் போதும், அப்படியும் வராவிட்டால் லேசாகச் சூடு காட்டினால் விடும்.

புதன்கிழமை இரவு செய்ததைச் சொல்கிறேன். கடைக்காரர் சொன்னதும் எனக்குத் தோன்றியதும் கலந்தது. தில்லித் தண்ணீரில் உப்பு அதிகம், நாலு நாளில் விளிம்பைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் படிந்திருந்தது, அதுவும் பசை மாதிரிதான். வினிகரைச் சொட்டுச் சொட்டாக அந்த இடுக்கில் விட்டு அரை மணி நேரம் வைத்தேன், எலுமிச்சைச் சாறும் போதும். துடைத்துவிட்டுச் சமையல் எண்ணெயைச் சுற்றிலும் விட்டு, பாத்திரத்தை ஒருபக்கமாகச் சாய்த்து, கால் மணிக்கு ஒருமுறை திருப்பித் திருப்பி வைத்தேன். எண்ணெய் தானாக உள்ளே இறங்கும், அவசரப்படக் கூடாது. நடுவில் மரக்கரண்டியால் விளிம்பைச் சுற்றி லேசாகத் தட்டிக்கொண்டே வந்தேன், ஓங்கி அடிக்காமல், தாளம் போடுகிற மாதிரி. ஒரு இடத்தில் எண்ணெயில் சின்னதாக ஒரு குமிழி வந்து உடைந்தது. காற்று உள்ளே போக வழி கிடைத்துவிட்டது என்று அப்போதே தெரிந்தது. கத்தி, ஸ்க்ரூடிரைவர் எதையும் இடுக்கில் செருகாதீர்கள். கை போவது ஒன்று, விளிம்பு ஒரு இடத்தில் நெளிந்துவிட்டால் அதுவே கொக்கி மாதிரி மாட்டிக்கொண்டு பிறகு வரவே வராது.

அப்புறம் குண்டானுக்குள் கீழ்வீட்டிலும் எதிர்வீட்டிலும் வாங்கிய ஐஸ் கட்டி எல்லாவற்றையும் கொட்டி, இரண்டு கைப்பிடி கல்லுப்பு போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கினேன். ஐஸோடு உப்புச் சேர்ந்தால் பூஜ்யத்துக்கும் கீழே போகும். பத்து நிமிஷத்தில் குண்டானின் உள்பக்கம் பனி பூத்தது. இங்கே இரண்டு எச்சரிக்கை: உப்பு அலுமினியத்தை அரிக்கும், அதனால் வேலை முடிந்தவுடன் நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும். இன்னொன்று, இந்த ஜோடியை அப்படியே ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் வைத்துவிடாதீர்கள், நடுவில் தண்ணீர் இருந்தால் அது உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும், அடிப்பாகம் பிதுங்கிவிடும். உள்பாத்திரம் நன்றாகக் குளிர்ந்ததும் ஆன்ட்டியைக் கூப்பிட்டேன். வாளியில் கீசர் தண்ணீர், கை வைக்க முடியாத சூடு, ஆனால் கொதிநீர் இல்லை. அடுக்கை அதில் விளிம்புக்கு இரண்டு விரல் கீழே வரைக்கும் இறக்கி மனதுக்குள் முப்பது எண்ணினேன். ஆன்ட்டி துண்டைச் சுற்றி அடுக்கைப் பிடித்துக்கொண்டார். நான் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, உள்ளங்கைகளைக் குண்டானின் உட்சுவரில் எதிரெதிராக அழுத்தித் திருகினேன், மேலே இழுக்கவில்லை. முதல் திருகலில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் 'டக்' என்று ஒரு சத்தம், விரலில் கால்வாசி அளவு சுற்றியது, அப்புறம் எண்ணெயில் வழுக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டது. ஆன்ட்டி "வாஹே குரு" என்றார். நான் ஐஸ் தண்ணீர் தரையெல்லாம் கொட்டியதைக்கூடக் கவனிக்காமல் அந்தக் குண்டானைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன், கல்யாணத்துக்கு அம்மா கும்பகோணத்தில் வாங்கிக் கொடுத்தது அது. கணக்குப் போட்டால் வெளியே 50 டிகிரி ஏற்றம், உள்ளே 15 டிகிரி இறக்கம், இரண்டும் சேர்ந்து கொடுத்த இடைவெளி 0.3 மில்லிமீட்டர்தான், மூன்று தாள் கனம். அவ்வளவுதான் தேவைப்பட்டது. மொத்த வேலைக்கும் இரண்டு மணி நேரம், செலவு ஒன்றுமில்லை.

உங்கள் வீட்டில் மாட்டியது வேறு மாதிரிப் பாத்திரமாக இருந்தால் சில விஷயம். கண்ணாடி டம்ளர்களுக்கு இந்தச் சூடு-குளிர் வேலையே வேண்டாம், விரிசல் விட்டுக் கையில் உடையும், சோப்புத் தண்ணீரோ எண்ணெயோ விட்டுப் பொறுமையாகத் திருகுங்கள். ஈயச் சொம்பு இருந்தால் நெருப்புப் பக்கமே கொண்டுபோகாதீர்கள், வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும், வெறும் சொம்பு அடுப்பில் அந்தச் சூட்டைத் தொட அதிக நேரம் ஆகாது. உள்ளே ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரத்துக்கும் அதேதான். நான்ஸ்டிக் என்றால் இடுக்கில் எதையும் செருகக் கூடாது, பூச்சு உரிந்துவிடும். எதுவாக இருந்தாலும் விசேஷத்தன்று காலையில் சிக்கிக்கொண்டால் பத்து நிமிஷம் மட்டும் பாருங்கள், வரவில்லையா, ஓரமாக வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டில் பாத்திரம் கேளுங்கள். நான் நாலரைக்கே ஆன்ட்டி கதவைத் தட்டியிருந்தால் ஒன்றேகால் மணி நேரமும் மிச்சம், கையும் மிச்சம். அந்த நேரத்தில் ஒருவரை எழுப்பக் கூச்சப்பட்டேன். ஆன்ட்டி பிறகு என்னைத் திட்டியது அதற்குத்தான்.

இப்போது ஒன்றுக்குள் ஒன்று வைத்தே ஆக வேண்டும் என்றால் இரண்டும் ஆறி, துடைத்து, காய்ந்த பிறகுதான். நடுவில் ஒரு நீளமான சணல் கயிறை இந்த விளிம்பிலிருந்து அடிவழியாக அந்த விளிம்பு வரை தொங்கவிட்டு அதன் மேல் அடுக்குகிறேன், காற்றுப் போக வழியும் இருக்கும், இழுக்கப் பிடியும் இருக்கும். செய்தித்தாள் வைத்துப் பார்த்தேன், ஈரம் பட்டால் அதுவே ஊறி ஒட்டிக்கொள்கிறது. அளவு நெருக்கமாக இருக்கும் அலுமினியத்தை எவர்சில்வருக்குள் வைப்பதை அடியோடு விட்டுவிட்டேன்.

வளைகாப்பு வீட்டு மாமி மார்ச்சில் மறுபடி கூப்பிட்டார், பேரனுக்குப் புண்யாஹவாசனம், 40 பேர். முதல் நாள் ராத்திரி குண்டானையும் அடுக்கையும் தனித்தனியாகக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்தேன். நடுராத்திரி இரண்டு மணி வாக்கில் எழுந்துபோய் விளக்கைப் போட்டுப் பார்த்தேன். இரண்டும் தனித்தனியாகத்தான் இருந்தன, விளக்கை அணைத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டேன்.